வேண்டாத பெயரும் விரும்பிய மக்களும்

பெயருக்குப் பொருள் காண அகராதியைப் புரட்டுவோர் பலர். சொல் எம்மொழிக்கு உரியது, வேர் எது என்று கண்டதும் ஆராய்ச்சி முடிந்ததென எண்ணிவிடுகின்றனர். பொருள் நன்றாயில்லையெனில் நகையாடவும் தொடங்குகின்றனர். நம் விடுதிகளில் இது மிகுதி. பெயரின் வேர் அதன் பிறப்பைக் காட்டும். வாழ்வைக் காட்டாது என்பது என் கருத்து. அஸர்பைஜானில் வழங்கும் 'ஃபுசூலி' என்னும் ஆண்பெயர் இதற்குத் தக்க சான்று.

சொல் அரபு. இந்தி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு அது முற்றிலும் புதிதன்று. வீண்செலவைக் கடைத்தெருவில் 'ஃபிஜூல் கர்ச்சி' என்கிறார்களே, அந்த 'ஃபிஜூல்' இதன் உடன்பிறப்பு. மிகையானது, வேண்டாதது என்பது கருத்து. 'ஃபுசூலி' என்றால் தனக்குத் தொடர்பில்லாத காரியத்தில் தலையிடுபவன். பெற்ற பிள்ளைக்கு இப்படியும் ஒரு பெயரா?

விடை 16ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. இராக்கில் வாழ்ந்து 1556இல் மறைந்த முகம்மது பின் சுலைமான் என்னும் கவிஞர் அஸர்பைஜானியத் துருக்கி, பாரசீகம், அரபு ஆகிய மும்மொழியிலும் பாடியவர். புனைபெயர் தேடியபோது, நல்ல பெயர்களையெல்லாம் பிறர் முன்னரே எடுத்துக்கொண்டிருக்கக் கண்டார். ஒரே பெயரில் இருவர் பாடினால் ஒருவர் பாட்டின் புகழ் மற்றவரைச் சேரும். ஆகவே எவரும் ஆசைப்படாத பெயரொன்றைத் தேர்ந்து தாமே சூட்டிக்கொண்டார். இக்காரணத்தைத் தம் பாரசீகக் கவிதைத் தொகுதியின் முன்னுரையில் அவரே கூறுகிறார். அதில் மற்றொரு நயமும் கண்டார்: சிறப்பு, கல்வி எனப் பொருள்படும் 'ஃபஸ்ல்' என்பதன் பன்மையும் 'ஃபுசூல்' என்றே ஒலிக்கும். இகழ்ச்சியும் புகழ்ச்சியும் ஒரே சொல்லில்!

எவரும் விரும்பார் என்ற அவர் கணக்கு மட்டும் பொய்த்துவிட்டது. அவருடைய லைலா மஜ்னூன் காவியத்தைக் கொண்டு உசெயிர் ஹாஜிபெயோவ் அமைத்த இசைநாடகம் 1908இல் பாக்கு நகரில் அரங்கேறியது. 1959இல் ஒரு நகருக்கே ஃபுசூலி எனப் பெயரிட்டனர். 1962இல் பாக்குவில் அவருக்குச் சிலை எழுந்தது. பெற்றோர் தம் மக்களுக்கும் அப்பெயரைச் சூட்டினர். அவர்கள் தம் மகனை 'வேண்டாதவனே' என்றா அழைக்கிறார்கள்? தம் கவிஞனை நினைந்து அழைக்கிறார்கள்.

'ஆயினும் அயற்சொல் அயற்சொல்லே. தாய்மொழியில் பெயரிடுவதன்றோ தன்மானம்?' எனச் சிலர் கேட்கலாம். தாய்மொழிப் பெயர்மீது கொண்ட பற்றை நான் குறைகூறவில்லை. ஆனால் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தம் நாவில் பழகி, தம் கவிஞனால் ஒளிபெற்ற சொல்லை அஸர்பைஜானியர் இன்னும் யாரிடம் திருப்பித் தருவது? சொல்லைத் தந்தது அரபு. அதற்குப் புதுப்பொருள் தந்தவர்கள் அவர்கள்.

பல மாநிலத்து மாணவர் ஒரே கூரையின்கீழ் வாழ்கிறோம். ஒருவன் பெயர் நம் செவிக்கு வேடிக்கையாகப் பட்டால், சிரிக்குமுன் ஒரு கேள்வி கேட்போம்: யாரை நினைந்து உனக்கு இப்பெயர் வைத்தார்கள்? அகராதி அறியாத செய்தி அவனிடம் இருக்கும்.