முதல் பைக்: கால் தரையில் ஊன்றுகிறதா, பாருங்கள்!

சித்த வைத்தியனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? ஒரு திங்கட்கிழமை காலையில் என் கிளினிக் வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும். கணுக்கால் வீங்கியவன், மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறவன், 'இடுப்புல புடிச்சிக்கிட்டுது ஐயா' என்று நிமிர முடியாமல் நிற்கிறவன்... எல்லாம் மீசை முளைத்து நாலு நாள் ஆன பிள்ளைகள்!

'எவ்வளவு வேகத்துல போன?' என்று கேட்பேன். பல பேர் சொல்கிற பதில் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 'ஓட்டவே இல்ல ஐயா. சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன். வண்டி சாஞ்சிட்டுது.'

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, காலேஜில் இடமும் கிடைத்துவிட்டால், வைத்தியத்துக்கு வருகிற அப்பாக்கள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. 'ஐயா, பையன் பைக் கேக்கான். எந்த வண்டி நல்ல வண்டி?' நான் திருப்பிக் கேட்பேன்: 'பையன் உசரம் என்ன? வெயிட் என்ன?' ஏதோ லேகியத்துக்கு அளவு கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வேடிக்கை இல்லை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த பாடங்களில் மணிக்கடை நூல் என்று ஒன்று உண்டு. நோயாளியின் மணிக்கட்டுக்கு மேலே ஒரு நூலைச் சுற்றி எடுத்து, அந்த நூல் எத்தனை விரற்கடை நீளம் என்று பார்த்து நோயைக் கணிக்கிற முறை. இதில் கவனிக்க வேண்டியது, அளப்பது யாருடைய விரலால் என்பதை! வைத்தியர் விரலால் அல்ல, நோயாளியின் விரலாலேயே அளக்க வேண்டும். வைத்தியர் தடித்த விரல்காரராக இருந்தால் கணக்கே மாறிவிடும் அல்லவா? அவரவர் உடம்புக்கு அவரவர் உடம்புதான் அளவுகோல். பைக் வாங்கும்போது நாம் மறப்பது இதைத்தான். பக்கத்து வீட்டுப் பையனின் உடம்பை அளந்துவிட்டு நம் வீட்டுப் பையனுக்கு வண்டி வாங்குகிறோம்.

ஊருக்கு உபதேசம் செய்கிற இந்த வைத்தியனும் அந்தத் தப்பைச் செய்தவன்தான்.

2016-ல் என் மகன் இன்ஜினீயரிங் முதல் வருஷம். உயரம் ஐந்தடி நான்கங்குலம், எடை 54 கிலோ. அவன் கேட்டது 200 சிசி வண்டி. 'பெருசா இருக்கேடா' என்றேன். 'எல்லாரும் இதுதாம்ப்பா வச்சிருக்காங்க' என்றான். மார்க் நன்றாக எடுத்த பிள்ளை, மனசு கேட்கவில்லை, வாங்கிக் கொடுத்துவிட்டேன். உள்ளுக்குள் இன்னொரு கணக்கும் ஓடியது. பள்ளிக்கூட யூனிஃபார்மை 'வளர்ற பிள்ளை' என்று ஒரு சைஸ் பெரிதாகத் தைப்போமே, அதே கணக்கு. பெரிய வண்டியாக வாங்கினால் ஆறேழு வருஷம் ஓடும் அல்லவா?

மூன்றாவது வாரம். பெட்ரோல் போட்டுவிட்டு பங்க்கை விட்டு ரோட்டுக்கு இறங்குகிற சின்னச் சரிவில் நின்றிருக்கிறான். வலது கால் நுனிவிரல் மட்டும் தரையில். அங்கே கொஞ்சம் மணல். விரல் வழுக்கியது, வண்டி சாய்ந்தது, அதைத் தாங்கப் பார்த்தவனின் கணுக்கால் மேலேயே விழுந்தது. இரண்டு எலும்பிலும் முறிவு. எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டு அனுப்பியவன், அன்றைக்கு எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். ஒரு செமஸ்டர் போயிற்று. வண்டியின் வேகம் அப்போது எவ்வளவு? பூஜ்யம்!

அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

(இடையில் ஒரு வார்த்தை: விழுந்து வீங்கினால், நேரே என்னைப் போன்றவர்களிடம் வந்து எண்ணெய் தடவச் சொல்லாதீர்கள். முதலில் எக்ஸ்ரே. எலும்பு ஒடியவில்லை என்று தெரிந்த பிறகு தைலமும் ஒற்றடமும்.)

சரி, எதைப் பார்த்து வாங்குவது? ஷோரூமில் அப்பா மைலேஜ் கேட்கிறார், பையன் சிசி கேட்கிறான், அம்மா கலர் கேட்கிறார். கால் ஊன்றுகிறதா என்று கேட்க ஆளில்லை! வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பையன் தினமும் போடுகிற செருப்போ ஷூவோ அதோடு உட்காரட்டும். இரண்டு பாதமும் ஒரே சமயத்தில் தரையில் படிய வேண்டும். குதிகால் லேசாகத் தூக்கினால் பரவாயில்லை. ஆனால் முன்பாதம் முழுசாக ஊன்ற வேண்டும். கட்டைவிரல் நுனியில் நிற்கிற வண்டி அவனுக்கான வண்டி இல்லை. ஷோரூம் டைல்ஸ் தரை சமமாக இருக்கும். நம் ரோடு அப்படியா? நடுவில் மேடு, ஓரத்தில் பள்ளம், ஜல்லி, மழைத் தண்ணீர்.

சீட் உயரத்தை மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஸ்பிளெண்டர் ப்ளஸ் 785, ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியில் 805. வித்தியாசம் முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். அந்த எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, கால் எட்டுவது குறையும். ஒடுங்கிய சீட் என்றால் அதே உயரத்தில் நன்றாக எட்டும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது கனம். ஸ்பிளெண்டர் ப்ளஸ் சுமார் 112 கிலோ. கிளாசிக் 350 சுமார் 195. நேராக நிற்கும்வரை எந்த வண்டியும் கனம் தெரியாது. ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பயில்வான் கையும் தாங்காது. அதனால் ஷோரூமிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். வண்டியில் உட்கார்ந்தபடி காலால் உந்திப் பத்தடி பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். இறங்கி நின்று, தள்ளிக்கொண்டே வளைத்துத் திருப்பச் சொல்லுங்கள். டபுள் ஸ்டாண்டு இருந்தால் அவனே போடட்டும். மூச்சு வாங்கினால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

தப்பித் தவறி வண்டி விழுந்தால் தூக்குகிற விதத்தையும் சொல்லிக்கொடுங்கள். முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும். முன்பக்கம் குனிந்து, இடுப்பை வளைத்துத் தூக்குகிற பிள்ளைகள்தான் மறுநாள் என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, தொடை பலத்தில் எழுந்து பின்னோக்கி நடக்க வேண்டும். முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

இனி சக்தி. பையன்கள் என்னோடு சண்டைக்கு வருகிற இடம் இதுதான். 'நாங்க மெதுவாத்தான் ஓட்டுவோம் அங்கிள், பவர் இருந்தா என்ன?' நியாயமான கேள்விதான். 100 சிசி வண்டியில் சுமார் எட்டு குதிரை சக்தி என்றால், சில 200 சிசி வண்டிகளில் 25. புதிதாக ஓட்டுகிறவன் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டான் என்று வையுங்கள். வண்டி முன்னால் பாயும், உடம்பு பின்னால் சாயும். விழாமல் இருக்கக் கை தானாகவே கைப்பிடியை இறுக்கும். இறுக்கும்போது மணிக்கட்டு இன்னும் கீழே இறங்கும். பயத்தில் மேலும் திருகுகிறான்! அவன் வேண்டுமென்றே செய்வதில்லை. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்துச் செய்கிற காரியம் அது. எட்டுக் குதிரை வண்டி இந்தத் தப்பை ஒரு குலுக்கலோடு மன்னித்துவிடும். 25 குதிரை வண்டி மன்னிக்காது. பழகப் பழகக் கை அடங்கும். அதற்கு ஒரு வருஷமாவது கொடுங்கள்.

முன்னால் கவிழ்ந்து படுத்து ஓட்டுகிற ரேஸ் மாதிரி வண்டிகளைப் பற்றி ஒன்றே ஒன்று. உடம்பின் பாரம் மணிக்கட்டிலும் கழுத்திலும் போய் நிற்கும். எங்கள் நூல்களில் சகன வாதம் என்று சொல்கிற கழுத்து வலி நடுவயதுக்காரர்களுக்கு வரும் என்று படித்தேன். இப்போது இருபது வயதில் பார்க்கிறேன். செல்போனுக்கும் இதில் பங்கு உண்டு, பழியை வண்டி மேலேயே போடக்கூடாது. முதுகு நேராக, முழங்கை லேசாக மடங்கி, பாதம் முழங்காலுக்கு நேர் கீழே வருகிற மாதிரி உட்கார வைக்கிற வண்டியே தினமும் காலேஜ் போய்வர ஏற்றது.

பிரேக் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் என்கிற வசதி 2019 ஏப்ரலில் இருந்து கட்டாயம். திடீரென்று அழுத்தினாலும் சக்கரம் இறுகிப்போய் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அந்தத் தேதிக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா என்று பார்த்து வாங்கலாம். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறு. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். காலி மைதானத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை இதை மட்டும் செய்தால் போதும்.

'பழைய வண்டியா? முதல் வண்டி புதுசா இருக்கட்டுமே' என்று வீட்டில் சொல்வார்கள். என் கட்சி பழையதுதான். முதல் வருஷம் கீழே போடாத ஆள் கிடையாது. புது வண்டியில் கீறல் விழுந்தால் வீட்டில் துக்கம் விசாரிக்க வருகிற மாதிரி ஆகிவிடும். பயந்து பயந்து ஓட்டினால் கை பழகாது. நம்பகமான மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, முன் ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா, டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யையும் இன்ஷூரன்ஸையும் உடனே பேர் மாற்றுங்கள். மிச்சமாகிற பணத்தில் ஐஎஸ்ஐ முத்திரை போட்ட நல்ல ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் தலை உண்டே! அதையும் அளந்துதான் வாங்க வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றினால் அளவு கிடைக்கும். போட்டபிறகு ஹெல்மெட்டை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது தலைக்குப் பெரிசு.

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'வம்பே வேண்டாம், வண்டியே வாங்கித் தரமாட்டேன்' என்று முடிவுகட்டுகிற பெற்றோரும் உண்டு. அவர்கள் பயம் புரிகிறது. 2022-ம் வருஷம் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது அரசாங்கக் கணக்கு. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஆனால் நீங்கள் மறுத்தால் பையன் ஓட்டாமல் இருப்பானா? நண்பனின் வண்டியை வாங்கிக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், அளவு பொருந்தாத வண்டியில், குற்றாலம் சீசனுக்கு மூன்று பேராகப் போவான். என் பெஞ்சுக்கு வருகிறவர்களில் அந்த ரகமும் ஏராளம். 18 வயது நிறையட்டும், எல்எல்ஆர் எடுக்கட்டும், பிறகு உங்கள் கண்ணெதிரே பழகட்டும். பதினெட்டுக்கு முன்னால் ஆசைக்குச் சாவியைக் கொடுத்தீர்களோ, அவன் ஓட்டிப் பிடிபட்டாலே 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி உங்களுக்கு மூன்று வருஷம்வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். கெஞ்சினான் என்று நீதிபதியிடம் சொல்ல முடியாது.

என் மகன் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். கால் குணமானதும் அந்த வண்டியை நஷ்டத்துக்கு விற்றோம். பழைய 100 சிசி ஒன்று வாங்கினேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நாலு மாசத்தில் அதன் செயினைத் தானே கழுவி எண்ணெய் போட ஆரம்பித்தான். அதில் மூன்று வருஷம் ஓட்டினான். குளிர் காலத்தில் இன்னும் அந்தக் கணுக்கால் வலிக்கிறது. நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். வேண்டாம் என்பான், கேட்கமாட்டேன்.

இப்போது மகள் முறை. வேலையில் சேர்ந்துவிட்டாள். ஸ்கூட்டர் வேண்டாம், கியர் வண்டிதான் வேண்டும் என்கிறாள். 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு' என்று என் அம்மா முனகுகிறார். கால் ஊன்றினால் ஆண் என்ன, பெண் என்ன? உயரம் ஐந்தடி இரண்டங்குலம். போன சனிக்கிழமை ஷோரூமுக்குக் கூட்டிப்போனேன். முதல் வண்டியில் ஏறினாள், நுனிவிரல்தான் எட்டியது, நான் வாயைத் திறக்குமுன் அவளே இறங்கிவிட்டாள். இரண்டாவதைப் பின்னால் தள்ள முடியவில்லை. மூன்றாவதில் கால் ஊன்றியது, ஆனால் கிளட்ச் லீவர் விரலுக்குத் தூரம். சேல்ஸ்மேன் பையன் 'போகப் போகப் பழகிடும் மேடம்' என்றான். 'பழகினப்புறம் வர்றேன் தம்பி' என்று சொல்லிவிட்டு நாலாவது வண்டியைத் தள்ளிப் பார்க்கப் போய்விட்டாள்.