வெள்ளிக் கரண்டியின் ஐந்து சாட்சிகள்

நகைக் கடைக்குப் போகிறவர்கள் இந்நாளில், "ஹால்மார்க் உண்டா?" என்று கேட்காமல் பணத்தை எடுப்பதில்லை. நம் தேசத்தில் தங்கத்துக்கு இந்த முத்திரை 2000-ம் வருஷத்திலும், வெள்ளிக்கு 2005-ம் வருஷத்திலும் வந்தது. தங்க நகைகளுக்கு 2021-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் ஜில்லா ஜில்லாவாக அது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், "ஹால் என்கிறீர்களே, அது எந்த ஹால்? எந்த ஊரில் இருக்கிறது?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே.

அந்த ஹால் இருப்பது லண்டன் மாநகரில், செயின்ட் பால் தேவாலயத்துக்கு அருகில். பொற்கொல்லர் சங்கத்தாரின் மண்டபம் அது. அந்த மண்டபத்தில் சோதித்துக் குத்திய அடையாளமாதலால் ஹால்மார்க், அதாவது மண்டப முத்திரை, என்று பெயர் வந்தது. பழம் பொருள்களைப் பற்றிப் பேசும் இந்தப் பகுதியில், அந்த முத்திரை தாங்கிய பழைய இங்கிலீஷ் வெள்ளிச் சாமான்களை இவ்வாரம் எடுத்துக் கொள்வோம். கரண்டி, முள்கரண்டி, தேயிலைக் கெண்டி, மூடியிட்ட குவளை முதலிய சாப்பாட்டு மேஜைச் சாமான்களைத்தான் சொல்கிறோம்.

கரண்டியைத் திருப்பிப் பார்த்தால் அதன் முதுகில் குன்றிமணியிலும் சிறிய நாலைந்து சின்னங்கள் வரிசையாகத் தெரியும். ஒரு சிங்கம், ஒரு சிறுத்தையின் தலை, ஓர் எழுத்து, ஒரு ராஜாவின் முகம், இரண்டு தலைப்பெழுத்துக்கள். பார்ப்பதற்குப் பொம்மைக் கொலு போல் அழகாய்த்தான் இருக்கின்றன. ஆனால் அழகுக்காக அவற்றை யாரும் குத்தவில்லை. அவற்றுள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மேல் ஏற்பட்ட சந்தேகத்தினால் பிறந்தது!

தாயின் பொன்னிலும் கொஞ்சம் எடுத்துக் கொள்வான் என்று தட்டானைப் பற்றி நம் ஊரில் அநியாயமாக ஒரு பழமொழி வழங்குகிறது. இங்கிலாந்து ராஜாங்கத்துக்கும் அதே அபிப்பிராயந்தான் இருந்தது போலும். 1300-ம் வருஷத்தில் முதலாம் எட்வர்டு ஒரு சட்டம் செய்தார். 1000 பங்கில் 925 பங்குக்குக் குறையாத வெள்ளியிலேயே பாத்திரம் செய்யவேண்டும். சங்கத்தின் மேற்பார்வையாளர்கள் பட்டறைகளுக்குச் சென்று மாற்றுப் பார்த்து, சிறுத்தைத் தலை முத்திரை இடவேண்டும் என்பது அந்தச் சட்டம். இந்த 925 மாற்றுக்குத்தான் ஸ்டர்லிங் என்று பெயர். நம் பாட்டிமார் பெட்டியில் வைத்திருந்த விக்டோரியா ரூபாயில் 12 பங்குக்கு 11 பங்கு வெள்ளி. ஸ்டர்லிங் அதைவிட ஒரு படி உயர்ந்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

மாற்றுக் குறைந்த பாத்திரத்தைச் செய்தவன் யார் என்று தெரியவேண்டுமே? அதற்காக 1363-ம் வருஷத்தில், செய்தவன் அடையாளத்தையும் குத்தவேண்டுமென்று விதித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் காலத்துத் தொழிலாளர்கள் மீன், சாவி என்று படங்களைக் குத்தினார்கள். பிற்பாடு பெயரின் தலைப்பெழுத்துக்கள் வழக்கமாயின.

தட்டானைச் சந்தேகித்தாயிற்று. சோதிக்கும் உத்தியோகஸ்தரை மட்டும் நம்பிவிடலாமா? 1478-ம் வருஷத்தில் பாத்திரங்களை எல்லாம் மண்டபத்துக்கே கொண்டுவந்து சோதிக்கும் ஏற்பாடு நிலைபெற்றது. அப்போது வருஷத்துக்கு ஓர் எழுத்தும் சேர்ந்தது. மட்டமான பாத்திரத்துக்குச் சிறுத்தைத் தலை விழுந்திருந்தால், அந்த வருஷத்தில் சோதனை அதிகாரியாக இருந்தவர் யார் என்று எழுத்தைக் கொண்டு பிடித்துவிடலாம் அல்லவா? இன்று சேகரிப்பவர்கள் பாத்திரத்தின் வயதைச் சொல்லும் அற்புதமாகக் கொண்டாடும் எழுத்து, அன்று உத்தியோகஸ்தரைப் பிடிப்பதற்காக வைத்த கண்ணி!

நாலாவதாக வந்த சிங்கத்தின் கதை இன்னும் ரஸமானது. 1544-ம் வருஷத்தில், எட்டாம் ஹென்றி மன்னர் தம்முடைய வெள்ளி நாணயத்திலேயே செம்பைக் கலந்துகொண்டிருந்த சமயத்தில், நடக்கும் சிங்கம் பாத்திரங்களில் தோன்றியது. ராஜாவின் நாணயம் எப்படிப் போனாலும் இந்தப் பாத்திரத்தின் மாற்றுக் குறையவில்லை என்று காட்டவே அது வந்தது என்பது அறிஞர் பலருடைய கருத்து. கடைசியாக 1784-ல் ராஜாவின் முகம் வந்தது. அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி செலுத்தியாயிற்று என்பதற்கு அது ரசீது. 1890-ல் வரி ஒழிந்ததும் முகமும் மறைந்தது.

இவை லண்டன் சின்னங்கள். 1773-ல் பர்மிங்ஹாமும் ஷெபீல்டும் தங்களுக்கென்று சோதனைச் சாலைகள் பெற்றன. சிறுத்தைத் தலைக்குப் பதிலாகப் பர்மிங்ஹாம் நங்கூரத்தையும், ஷெபீல்டு கிரீடத்தையும் குத்தின. ஷெபீல்டின் கிரீடம் 1975 முதல் ரோஜாப் பூவாக மாறியிருக்கிறது. எடின்பரோவுக்குக் கோட்டை சின்னம்.

இனி, ஒரு கரண்டியைக் கையில் எடுத்துச் சாட்சிகளை விசாரித்துப் பார்ப்போம். சிறிய வடிவில் "எம்" என்ற எழுத்து இருக்கிறது. லண்டன் எழுத்து வரிசை 20 வருஷத்துக்கு ஒரு முறை திரும்பும். சிறிய "எம்" 1787-ம் வருஷத்துக்கும் உண்டு; 1827-ம் வருஷத்துக்கும் உண்டு; இடையில் 1807-க்குப் பெரிய "எம்". எழுத்தை மாத்திரம் நம்பினால் 40 வருஷம் தவறிப் போகலாம். ஆகையால் அடுத்த சாட்சியைக் கூப்பிடவேண்டும். சிறுத்தையின் தலையில் கிரீடம் இருக்கிறதா? 1821-ல் லண்டன் சிறுத்தை கிரீடத்தை இழந்துவிட்டது. சிங்கம் நம்மைத் திரும்பிப் பார்க்கிறதா, நேரே பார்த்துக்கொண்டு நடக்கிறதா? திரும்பிப் பார்ப்பது பழைய சிங்கம். ஏறக்குறைய அதே 1821-க்குப் பிறகு வந்தது நேரே பார்க்கும். செய்தவர் அடையாளம் வளைந்த கையெழுத்தில் "எச்.பி." என்று இருந்தால் சந்தேகமே வேண்டியதில்லை. அது ஹெஸ்டர் பேட்மன் என்ற அம்மையாருடையது. கணவர் 1760-ல் காலமான பிறகு, 1761-ல் தம் பெயரில் முத்திரை பதிவு செய்து, பிள்ளைகளுடன் பட்டறையை நடத்தி, 1790-ல் ஓய்வு பெற்றவர் அவர். ஆகவே கரண்டி 1787-ம் வருஷத்தது. ஒரு சாட்சி சொல்வதை மற்ற நால்வரும் ஒப்புக்கொண்டால்தான் வழக்கு ஜயம்.

முத்திரைக் கையேடு ஒன்றும், பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக் கண்ணாடி ஒன்றும் இருந்தால் இவ்வளவும் வீட்டில் உட்கார்ந்தே செய்யக் கூடியது. ஆனால் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சாட்சிகள் ஐவரும் உண்மையானவர்களாயிருந்தும் பாத்திரம் பொய்யாயிருக்கக் கூடும்!

அது எப்படி என்று கேட்பீர்கள். 1720 முதல் 1758 வரையில் அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி நடைமுறையில் இருந்தது. 100 அவுன்ஸ் எடையுள்ள பாத்திரத்துக்கு இரண்டரைப் பவுன் வரி. இதைத் தப்பிக்கச் சில பட்டறைக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மிகச் சிறிய தட்டு ஒன்றைச் சோதனைக்கு அனுப்பிச் சொற்ப வரி கட்டுவார்கள். முத்திரை விழுந்த துண்டை வெட்டி எடுத்து, பெரிய பாத்திரத்தின் அடியில் பொடி வைத்து ஊதிவிடுவார்கள்! அந்தக் காலத்து வெள்ளி வேலையில் நிகரற்றவர் என்று பெயர் பெற்ற பால் டி லமேரி என்பவர்கூட இந்தத் தந்திரத்துக்கு விலக்கல்லர்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. முத்திரையின் மேல் வாயினால் ஆவி பறக்க ஊதிப் பாருங்கள். வெள்ளியின் மேல் பனி படரும் ஒரு விநாடியில், பற்று வைத்த கோடு முத்திரைகளைச் சுற்றி வேலி போல் தெரியும். வாங்குபவர் மூச்சுக்கு விற்பவர் பேச்சைவிட மதிப்பு அதிகம்.

கள்ள முத்திரை குத்துவதை இங்கிலாந்து லேசாக நினைக்கவில்லை. 1758-ம் வருஷத்துச் சட்டம் அதற்கு மரண தண்டனை விதித்தது; 1773-ல் அதைப் 14 வருஷ நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். ஒரு கரண்டிக்காகத் தூக்கா என்று தோன்றும். முத்திரையின் மேல் ஜனங்களுக்குள்ள நம்பிக்கை போய்விட்டால் பிறகு எந்தக் கரண்டிக்கும் விலை இல்லை என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

கெட்ட எண்ணமில்லாமல் நடந்த மாறுதல்களும் உண்டு. விக்டோரியா ராணி காலத்தில் பழைய எளிய கரண்டிகளின் குழியில் திராட்சையும் இலையும் புடைத்து, "பழக் கரண்டி" ஆக்கினார்கள். பீர் குடிக்கும் மூடிக் குவளைக்கு மூக்கு வைத்து ஜாடியாக்கினார்கள். முள்கரண்டிக்கு விலை அதிகமென்று சாதாரணக் கரண்டியை வெட்டி முள் செய்தவர்களும் இருந்தார்கள். அத்தகைய முள் மெலிந்து காணும். ஆகையால் முத்திரையைப் பார்க்குமுன் பொருளைப் பாருங்கள். கரண்டிகளில் ஏறக்குறைய 1780 வரையில் முத்திரை குழிக்கு அருகிலும், அதற்குப் பிறகு காம்பின் நுனியை ஒட்டியும் குத்தப்பட்டது. பழைய நாளில் மேஜைமேல் கரண்டியைக் கவிழ்த்து வைப்பது வழக்கமாதலால், குடும்பச் சின்னம் காம்பின் பின்புறத்தில் இருக்கும். மல்லாத்தி வைக்கும் வழக்கம் வந்த பிறகு அது முன்புறத்துக்கு வந்தது. இடமும் சின்னமும் வருஷமும் ஒத்துப்போகவேண்டும்.

பெரிய பாத்திரங்களின் அடியில் ஊசியால் கீறியது போன்ற எண் சில சமயம் காணப்படும். அது செய்த காலத்து எடை. இன்றைய எடை சிறிது குறைந்திருந்தால், துலக்கித் துலக்கித் தேய்ந்தது என்று கொள்ளலாம். கூடியிருந்தாலோ, பிற்பாடு யாரோ எதையோ ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெள்ளி பல குணமுடையது. ஆனால் வயது ஏற ஏறப் பருக்கும் குணம் அதற்கு இல்லை!

முலாம் சாமான்களையும் தெரிந்துகொள்வது அவசியம். தாமஸ் போல்சோவர் என்பவர் 1740-களில் செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டைச் சூட்டினால் ஒட்டவைக்கும் வழியைக் கண்டார். இதுவே ஷெபீல்டு முலாம். ஓரங்கள் தேய்ந்த இடத்தில் செம்பு சிவந்து எட்டிப் பார்க்கும். 1840-ல் பர்மிங்ஹாம் எல்கிங்டன் கம்பெனியார் மின்சார முலாமுக்கு உரிமை பெற்றார்கள். "இ.பி.என்.எஸ்." என்ற நாலு எழுத்துக்கள் இருந்தால் அது மின்சார முலாம் பூசிய நிக்கல் சில்வர். நம் வீடுகளில் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் அதே உலோகந்தான். பெயரிலுள்ள வெள்ளி உள்ளே கிடையாது. இந்த எழுத்துக்களையும் சிறிய கட்டங்களுக்குள் வரிசையாகக் குத்தியிருப்பார்கள். அவசரக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். சிங்கத்தைத் தேடுங்கள், சிங்கம் இல்லாத இடத்தில் பணத்தை எண்ணாதீர்கள்.

சென்னையில் பி. ஆர் அண்டு ஸன்ஸ் கம்பெனியார் செய்து விற்ற பழைய வெள்ளிச் சாமான்கள் நம் பக்கத்தில் அகப்படக் கூடும். தெய்வ உருவங்கள் புடைத்த அந்த "சாமி வேலை" தேயிலைக் கெண்டிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் அந்நாளில் நம் தேசத்தில் சோதனை மண்டபம் கிடையாது. கம்பெனியின் பெயர் இருக்குமே அன்றி, சிங்கம் இராது. அங்கே செய்தவரே சாட்சி. இங்கிலீஷ் பாத்திரத்தில் செய்தவரைத் தவிர வேறு நால்வர் சாட்சி. வித்தியாசம் இவ்வளவுதான்.

சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் கெண்டியில் கை வைக்காமல் ஒரு தேக்கரண்டியில் ஆரம்பிப்பது உத்தமம். வாங்கிய பிறகு, பளபளப்புக்கு ஆசைப்பட்டு இயந்திரச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்காதீர்கள். மெல்லிய துணியும் மெல்லிய கையும் போதும். முன்னோர் பெயர்ச் சின்னம் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சுரண்டி எடுப்பதும் கூடாது. அந்த இடம் மெலிந்து, விலையும் மெலியும். முத்திரை மழுங்கிய பாத்திரம், வாய் அடைத்த சாட்சி.

இது வெறும் நாஸூக்கு அல்ல. 1980-ம் வருஷம் ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, எத்தனையோ பழைய பாத்திரங்கள் எடைக்கு விற்கப்பட்டு உலையில் உருகிப் போயின. தராசுக்கு எல்லா வெள்ளியும் ஒன்றுதான். 1787-ம் வருஷத்தில் ஒரு விதவை அம்மாள் நடத்திய பட்டறையிலிருந்து வந்தது இது என்று எடுத்துச் சொல்லி, உலையிலிருந்து ஒரு கரண்டியைக் காப்பாற்றக் கூடியவை அதன் முதுகிலுள்ள அந்தச் சின்னஞ்சிறு அடையாளங்களே. ஒருவரையொருவர் நம்பாதவர்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு, எழுநூறு வருஷத்துக்கு மேலாக நம்பிக்கைக்கு உரியதாய் நிலைத்துவிட்டது. அடுத்த முறை நகைக் கடையில் ஹால்மார்க்கைத் தேடும்போது, முதலில் சந்தேகப்பட்ட அந்தப் பழங்கால மனிதர்களுக்கு மனத்திற்குள் ஒரு வந்தனம் சொல்லலாம்.