மின்மைப் பலகையில் ஓர் அருவி

குத்துக்கல்வலசையில் எம் அண்டைவீட்டு அண்ணன் ஒருவர், பழைய கிண்டில் கருவியொன்றில் குற்றாலத்துப் பேரருவியை விழச்செய்து காட்டினார். கண்ட பெரியோர் சிலர், "படிப்பதற்கென்று அமைந்த பலகையைக் கூத்தாட விடுவானேன்?" என்று நகைத்தனர். தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய யானும் அவருடனிருந்து நிரல் எழுதினேன் என்று கேட்டுப் பின்னும் வருந்தினர். அவ்வருத்தம் பொருந்தாதென்பதே என் கருத்து.

மின்மை என்பது யாது? மயிரிழைப் பருமனேயுள்ள நுண்குமிழிகளுள் வெண்டுகளும் கருந்துகளும் எதிரெதிர் மின்னேற்றம் பெற்றுத் தெளிந்ததோர் திரவத்தில் மிதக்கின்றன. மின்னழுத்தம் எத்துகளை மேலே இழுக்கின்றதோ அதன் நிறமே தோன்றும். மின்சாரம் நின்றபின்னும் எழுத்து நிலைத்திருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கழகத்து ஆசிரியர் ஜோசப் ஜேக்கப்சனின் கீழ் உழைத்து இதனைச் செய்துகாட்டிய பாரெட் காமிஸ்கியும் ஜே. டி. ஆல்பர்ட்டும் அந்நாளில் நம்மைப்போன்ற இளங்கலை மாணவரே! அம்மையை ஆக்கும் நிறுவனம் 1997இல் தோன்றிற்று. கிண்டில் 2007இல் வெளிவந்தது.

துகள் நீந்திவர நேரம் வேண்டும். ஆதலின், பதினாறு சாம்பற்சாயலும் தோன்ற ஒரு பக்கத்தை மாற்ற அரை நொடியளவு செல்லும். விரைய வேண்டின் கருப்பும் வெள்ளையுமே கிட்டும். இடைநிறங்களுக்குப் புள்ளிகளை நெருக்கியும் கலைத்தும் கண்ணை மயக்கல் வேண்டும். ஒரு புள்ளியில் நேர்ந்த பிழையை அண்டைப் புள்ளிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்டனர். நின்ற படத்திற்கு அது மிக அழகியது. எம் அருவியோ அதனாற் கொதிநீர்போல நடுங்கிற்று. மாறாத கட்டக்கோலம் ஒன்றை வைத்த பின்னரே நீர் நீராக விழுந்தது. முன்படத்தின் நிழல் முற்றும் அழியாமை இக்கருவியின் குறை. எமக்கு அதுவே சாரலாயிற்று.

இதனால் தமிழுக்கு என்ன பயன் என்பர். தரங்கம்பாடி மிஷனரிமார், ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழெழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையால், சிறியவற்றைத் தாமே வார்த்துக்கொண்டு 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். ஈயத்தின் இயல்பறிந்தவன் இலனேல் அந்நூல் வந்திராது. இந்நாளில் ஈயம் போய்த் திரை வந்தது. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் அன்பர்கள் ஆறங்குலத் திரைக்கெனத் தனிக்கோப்பே ஆக்கி இலவசமாக அளித்துவருகின்றனர். திரையின் இயல்பறிந்த தமிழ் மாணவர் எத்துணைப் பேர்?

இதற்குத் தேர்வில் மதிப்பெண் இல்லை. பாட்டரியும் விரைவில் தீர்கின்றது. எம் பிழையால் ஒரு கருவி உயிரே விட்டது. இவற்றை மறுக்கிலேன். ஆயினும், வீடுகளில் உறங்கும் பழங்கருவிகளைப் பழைய மாணவர் நம் தமிழ் மன்றத்திற்கு அளிப்பாராயின், மாலையில் ஒருமணி நேரம் அவற்றோடு உழைக்க நால்வர் ஆயத்தமாயுள்ளோம்.

அண்ணன் அடுத்து ஐந்தருவி என்கிறார். ஐந்து கிளைகளை இரண்டே நிறத்தில் பிரித்துக் காட்டுவது எங்ஙனமென்று இன்னும் விளங்கவில்லை.