டாலர் கட்டினால் போதகர் ஆகலாமா?

வெளிநாட்டில் பொட்டி தட்டிக் கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு ஊரிலிருந்து வரும் போன்கள் பெரும்பாலும் மூன்று வகைதான். கல்யாணம், ஆஸ்பத்திரி, காலேஜ் ஃபீஸ். எங்களை மாதிரி கிறிஸ்தவக் குடும்பங்களில் கொஞ்ச வருடமாக நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "அண்ணா, ஆன்லைன்ல தியாலஜி அண்ட் லீடர்ஷிப்னு ஒரு டிகிரி இருக்குது. அமெரிக்கா காலேஜ். வீட்டுல இருந்தே படிக்கலாம். ஃபீஸ் மட்டும்தான்..." அந்த 'மட்டும்தான்'-க்குள்ளேதான் டாலர் ஒளிந்திருக்கிறது.

எனக்கு சொந்த ஊர் சித்தூர். சித்தப்பா மகன் திருப்பதி பக்கத்தில் ஒரு சின்ன சபைக்குப் போதகர். ஞாயிற்றுக்கிழமை தமிழில் ஒரு ஆராதனை, தெலுங்கில் ஒரு ஆராதனை. தமிழ்க்காரர்களுக்கு அவன் பாஸ்டர், தெலுங்குக்காரர்களுக்கு அய்யகாரு. அவனும் கேட்டான். கட்டலாமா, வேண்டாமா என்று யோசித்ததில் எனக்குத் தெளிவானதை எழுதி வைக்கிறேன். உங்களுக்கும் இந்த போன் என்றைக்காவது வரும்.

முதலில் ஒன்று. வீட்டிலிருந்து படிப்பது என்றாலே மட்டம் என்று சொல்கிற கட்சி இல்லை நான். கௌதமாலா நாட்டில் 1963 வாக்கில் ஒரு பிரஸ்பிடேரியன் செமினரிக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கிராமத்துப் பையன்களை ஹாஸ்டலுக்குக் கூட்டி வந்து படிக்க வைத்தால் பலர் கிராமத்துக்குத் திரும்புவதில்லை. கிராமத்தில் நிஜமாகவே சபையைத் தாங்குகிறவர்களோ பெண்டாட்டி பிள்ளை, நிலம், மாடு என்று இருப்பவர்கள். அவர்களால் மூன்று வருடம் ஹாஸ்டலில் வந்து உட்கார முடியாது. சரி, செமினரியே அவர்களிடம் போகட்டும் என்று ஆரம்பித்ததுதான் விரிவாக்க இறையியல் கல்வி. அதே யோசனையில் 1971ல் பெங்களூரில் டாஃப்டி என்ற அமைப்பு வந்தது. தானாகப் படிக்க ஒரு பாடப்புத்தகம், வாரத்துக்கு ஒரு தடவை ஆசிரியரோடு சேர்ந்து உட்கார ஒரு சின்னக் குழு, படித்ததைச் செய்து பார்க்க சொந்த சபை. மூன்றும் சேர்ந்ததுதான் அந்தப் படிப்பு.

ஆன்லைன் டிகிரிகளில் பலவற்றில் முதலாவது மட்டும் பிரமாதமாக இருக்கிறது. வீடியோ, பிடிஎஃப், ஆன்லைன் லைப்ரரி, எல்லாம் உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும்தான் காணோம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சாயங்காலம் ஏழு மணி வகுப்பு என்றால் திருப்பதியில் கோடையில் விடிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. எழுந்து உட்காரலாம், தப்பில்லை. ஆனால் ஸ்க்ரீனில் இருக்கும் முப்பது முகங்களில் ஒன்றுகூட இவன் பிரசங்கத்தை ஒருநாளும் கேட்டிருக்காது.

அடுத்தது சர்டிஃபிகேட். நம் ஊர் பக்கம் இப்போது போஸ்டர்களில் 'டாக்டர்' இல்லாத பாஸ்டரைத் தேட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு ஓட்டல் ஹாலில் அங்கியும் தொப்பியும் போட்டு ஒரே மதியத்தில் டாக்டர் ஆனார். பணம் கொடுத்தது மஸ்கட்டில் இருக்கும் மச்சான். அந்த மச்சான்தான் நாம் என்பதை மறக்க வேண்டாம்.

இதில் கொஞ்சம் விவரம் தெரிந்திருப்பது நல்லது. இந்தியாவில் யார் டிகிரி கொடுக்கலாம் என்பதை 1956ஆம் வருட யு.ஜி.சி. சட்டத்தின் 22வது பிரிவு சொல்கிறது. சட்டம் போட்டு உண்டாக்கிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் மாதிரி அதிகாரம் பெற்றவைதான் கொடுக்கலாம். இறையியலில் பழைய பெரிய பெயர் செராம்பூர். 1818ல் வில்லியம் கேரியும் நண்பர்களும் ஆரம்பித்த கல்லூரி. 1827ல் டென்மார்க் ராஜா சாசனம் கொடுத்தார் (நம்ம தரங்கம்பாடியும் அப்போது அதே ராஜா கையில்தான் இருந்தது). பிறகு 1918ல் வங்காளத்தில் அதற்கென்றே தனிச்சட்டம் வந்தது. மதுரை அரசரடியில் 1969ல் ஆரம்பித்த தமிழ்நாடு இறையியல் கல்லூரி, பெங்களூர் யு.டி.சி. எல்லாம் செராம்பூர் செனட்டோடு இணைந்தவை. ஏ.டி.ஏ. என்கிற ஆசிய இறையியல் சங்கத்தின் அங்கீகாரம் சபைகளுக்கு நடுவே மதிப்புள்ளது. ஆனால் அது அரசாங்க அங்கீகாரம் அல்ல.

அமெரிக்காவில் ஏ.டி.எஸ்., டி.இ.ஏ.சி. மாதிரி அமைப்புகளின் பட்டியலில் காலேஜ் பெயர் இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் பார்த்து விடலாம். ஃப்ளோரிடா மாதிரி சில மாநிலங்களில் மதக் கல்லூரிகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அங்கீகாரம் எதுவும் இல்லாமலே மதப் பட்டம் கொடுக்கலாம். அது மோசடி என்று அர்த்தமில்லை, சிலது நல்ல படிப்பாகவும் இருக்கும். ஆனால் 'அமெரிக்கா டிகிரி' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் நம்பி யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

இப்போது அந்த 'லீடர்ஷிப்'. எனக்கு உறுத்துவது இதுதான். தமிழ்க் கிறிஸ்தவத்தில் போதகர் செய்யும் வேலைக்குப் பெயர் ஊழியம். ஊழியம் என்றால் வேலைக்காரன் செய்யும் வேலை. அதற்குப் பக்கத்தில் 'தலைமைத்துவம்' என்று கொண்டு வந்து வைக்கும்போதே ஏதோ இடிக்கிறது. தம்பி அனுப்பிய பாடத்திட்டத்தைப் பார்த்தேன். விஷன் ஸ்டேட்மெண்ட், டீம் பில்டிங், சேஞ்ச் மேனேஜ்மெண்ட். அட, இதைத்தான் எங்கள் கம்பெனியில் வருடா வருடம் கட்டாயமாக உட்கார வைத்துச் சொல்கிறார்கள் :-)

அவன் சபையில் வரும் கேள்விகள் வேறு. ஒரு அம்மா வந்து கேட்கிறார், "அய்யகாரு, பையன் ஞானஸ்நானம் எடுத்தால் எஸ்.சி. சர்டிஃபிகேட் போயிடுமா?" 1950ஆம் வருட ஜனாதிபதி உத்தரவுப்படி எஸ்.சி. என்பது இந்துக்களுக்கு மட்டும். 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஆந்திராவில் எஸ்.சி.யிலிருந்து கிறிஸ்தவர் ஆனவர்களுக்கு பி.சி.-சி என்று தனிப்பிரிவு, ஒதுக்கீடு ஒரு சதவீதம். எஸ்.சி.க்கு இருப்பது பதினைந்து. மதம் மாறிப் பாஸ்டராக இருப்பவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்க முடியாது என்று 2025ல் ஆந்திர உயர்நீதிமன்றம் சொன்னது. சேரியில் அவரை யாரும் வேறு ஜாதியாகப் பார்க்க ஆரம்பித்துவிடவில்லை என்பது வேறு விஷயம். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்லாமல், பையன் படிப்பும் கெடாமல், விசுவாசத்தையும் விலை பேசாமல் என்ன பதில் சொல்வது? அதுதான் அங்கே இறையியல், அதுதான் தலைமை.

இன்னொன்று, திருப்பதி. திருமலையில் பிற மதப் பிரசாரத்துக்கு 2007ல் ஆந்திர அரசு தடை போட்டது. ஏழுமலையான் பெயரில் பிழைக்கும் ஊரில், மலையடிவாரத்தில், ஒரு போதகர் எப்படிப் பேச வேண்டும், எங்கே பேசாமல் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டு அர்ச்சகர் குடும்பத்தோடு எப்படிப் பழக வேண்டும்? டெக்ஸாஸில் உட்கார்ந்திருக்கும் புரொஃபசர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதற்கு மார்க் போட முடியாது.

அப்படியானால் வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். முக்கியமாகப் பெண்களுக்காக. ராயலசீமையிலேயே, நந்தியால் பேராயத்தில், 2013ல் சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் வந்தார். ஆனால் கிராமத்துப் பாஸ்டர் மனைவி, சபையில் பாதி வேலையைச் சுமப்பவள், பிள்ளைகளை விட்டு ஹாஸ்டலுக்குப் போக முடியுமா? அவளுக்கு ஒரு செல்போனில் வேதபாடம் ஒழுங்காகக் கிடைக்கிறது என்றால் அது பெரிய விஷயம். எங்கள் வீட்டில் தம்பியைவிட அவன் மனைவிதான் நன்றாகப் படிப்பாள். அவளுக்கு அனுப்புங்கள் என்று யாரும் போன் செய்வதில்லை.

ஆகவே பணம் கட்டுகிற அண்ணன்மார் அக்காமார் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டத்தை யார் அங்கீகரிக்கிறார்கள், பெயரைச் சொல். வாரம் ஒரு தடவை உன்னோடு நேரில் உட்கார்ந்து படிக்கப் போகிறவர் யார்? எந்த மொழியில் எழுதப் போகிறாய்? பிரசங்கம் தமிழிலும் தெலுங்கிலும், பரீட்சை மட்டும் இங்கிலீஷிலா? மதுரையில் ஐம்பது வருடத்துக்கு மேலாகத் தமிழில் இறையியல் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருக்கிறார்கள்.

தம்பியிடம் சொல்லிவிட்டேன். அங்கீகாரம் உள்ள இடமாகப் பார், அக்கம்பக்கத்துப் போதகர்கள் நாலு பேரைச் சேர்த்து வாரம் ஒரு நாள் ஒன்றாகப் படியுங்கள், உன் மனைவி பெயரையும் சேர்த்துப் பதிவு செய். இரண்டு பேருக்கும் நான் கட்டுகிறேன். "ரெண்டு ஃபீஸா அண்ணா?" என்றான். ஆமாம், ரெண்டு ஃபீஸ். 'டாக்டர்' போட்ட போஸ்டர் அடிக்க மட்டும் என்னிடம் கேட்காதே என்றேன்.