ஓபோவும் அதன் சீவாளியும்

மேனாட்டுப் பெரிய இசைக்குழுக்களின் நிகழ்ச்சியை வானொலியில் கேட்டிருக்கும் வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். நிகழ்ச்சி தொடங்குமுன் ஒரே ஒரு கருவி ஒரு சுரத்தை நீளமாக ஒலிக்கும். ஏனைய கருவிகள் அதனோடு தத்தம் சுருதியைச் சேர்த்துக்கொள்ளும். அக்கருவியே ஓபோ. இசைக்குழு முழுவதும் நம்பி நிற்கும் அச்சுரம் பிறப்பது, விரல் நீளமேயுள்ள ஒரு நாணற்றுண்டில். நம் நாகசுரத்திற்குச் சீவாளி எப்படியோ, ஓபோவுக்கு அது அப்படி.

நாகசுர வித்துவான் உதிரிச் சீவாளிகளைக் கருவியிலேயே தொங்கவிட்டிருப்பதை நாம் கண்டதுண்டு. அவர் பெரும்பாலும் அவற்றைச் செய்வோரிடம் வாங்கிக்கொள்வார். ஓபோவைத் தொழிலாகக் கொண்டவரோ தம் சீவாளியைத் தாமே செய்துகொள்வதே பெருவழக்கு. கடையில் விற்பவை இல்லாமலில்லை. தொடக்க மாணவருக்கு அவை போதும். ஆயினும் ஒருவருடைய உதடும் மூச்சும் பிறரொருவருடையவை ஆகா அன்றோ?

தென் பிரான்சின் வார் பகுதியில் விளையும் பெருநாணலே இதற்குப் பெயர் பெற்றது. ஈராண்டு வளர்ந்த தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, நெடுநாள் உலர்த்துவர். ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழலை மூன்றாகப் பிளந்து, உட்புறத்தைக் குடைந்து, நடுவில் 0.6 மில்லிமீட்டர் கனமே எஞ்சுமாறு செய்வர். பின் நீரில் ஊறவைத்து, வடிவமாகச் செதுக்கி, இரண்டாக மடித்து, தக்கை சுற்றிய சிறு உலோகக் குழலின்மேல் நூலால் இறுக்கிக் கட்டுவர். கட்டு ஓரிழை பிசகினாலும் பக்கவாட்டில் காற்றுக் கசியும். அத்துடன் அத்துண்டு வீண்தான்.

இதுவரை கைப்பழக்கம். இனித்தான் உண்மையான கல்வி. மடிப்பைத் திறந்து, இரு இதழ்களுக்கிடையே மெல்லிய தகட்டைச் செருகி, கத்தியால் சுரண்ட வேண்டும். ஆதலின் மாணவர் முதலில் கற்க வேண்டியது இசையன்று, கத்தி தீட்டுதல்! மழுங்கிய கத்தி நாணலைச் சீவாது, நாரைப் பிய்க்கும். நுனி மிக மெல்லியதாகவும், அதற்கடுத்த பகுதி சற்றே தடித்தும் இருத்தல் வேண்டும். நுனி பேச்சைத் தரும். தடிப்பு குரலுக்கு உடலைத் தரும். சுரண்டிய துகளை மீண்டும் ஒட்டவைக்க இயலாது என்பதே இத்தொழிலின் கொடுமை.

சில கீறல்களுக்கு ஒருமுறை சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பர். அது காக்கையைப்போலக் கரையும். ஆங்கிலத்திலும் அவ்வொலிக்குக் காகத்தின் பெயரே. கரைதல் தாழ்ந்திருப்பின் நுனியை இம்மியளவு நறுக்குவர், சுருதி ஏறும். ஆனால் கடினமும் கூடவே ஏறும். அதைத் தணிக்கச் சுரண்டினால் சுருதி மறுபடியும் இறங்கும். இந்த இழுபறியில் மாணவர் இழக்கும் நாணலுக்குக் கணக்கில்லை. பெற்றோர் வாங்கித்தந்த நாணல் மாலைதோறும் குப்பைக்கூடைக்குப் போவதைப் பார்த்திருப்பது எளிதன்று. நன்கமைந்த சீவாளியும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். வானிலை மாறினால் அதன் குணமும் மாறும்.

சுரண்டும் முறையிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடுண்டு. ஐரோப்பியர் பெரும்பாலும் நுனிப்பகுதியை மட்டும் குறுகச் சுரண்டுவர். பிரான்சில் 1887-இல் பிறந்து, 1915 முதல் 1954 வரை பிலடெல்பியா இசைக்குழுவில் முதல் ஓபோ வாசித்த மார்செல் தபுட்டோ, கட்டை நெருங்குமளவு நீளச் சுரண்டும் முறையை வளர்த்தார். கர்ட்டிஸ் இசைக்கல்லூரியில் அவரிடம் பயின்றோர் வழியே அமெரிக்கா முழுவதும் அது பரவியது. எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. இரண்டிலும் இனிய குரல் கேட்கிறபடியால் நாம் அதில் தலையிடோம்.

தபுட்டோவின் மாணவருள் ஒருவர் ஜான் டி லான்சி. 1945-இல் அமெரிக்கப் படைவீரராக ஜெர்மனியில் இருந்த அவர், முதிய இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராசைச் சந்தித்து, ஓபோவுக்கெனத் தனிப்படைப்பு இயற்ற எண்ணியதுண்டோ என வினவினார். இல்லை என்பதே விடை. எனினும் சில மாதங்களில் அப்படைப்பு உருவாகி, 1946-இல் சூரிச்சில் அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் ஓபோ வாசிப்பவர் நெடுநேரம் மூச்சுவிடவும் இடமின்றி வாசிக்க வேண்டும். அதை வாசிக்க எழுபவர், மேடைக்கு வருமுன் பெட்டியைத் திறந்து, வரிசையாக வைத்திருக்கும் சீவாளிகளை ஒவ்வொன்றாய் நீரில் நனைத்து, கரையவிட்டுப் பார்த்தே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்.