பத்தியம் வேண்டாம், வீட்டுப் பங்கு வேண்டும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கேழ்வரகு அறுவடை முடிந்ததும், மூடைகள் களத்து மேட்டிலிருந்தே வண்டி ஏறிவிடுகின்றன. காவிரிப் பாசனப் பகுதியில் நெல் தரிசில் எடுக்கும் உளுந்தும் பயறும் அவ்வாறே. விளைவித்தவர் வீட்டில் மூன்று வேளையும் அரிசிச் சோறு. குழம்பில் பருப்பு இருக்கிறதா என்று தேட வேண்டிய நிலை. விற்ற பணத்தில் ஒரு பகுதி சில ஆண்டுகளில் மருந்துக் கடைக்குப் போய்ச் சேருகிறது. இந்த வரவு செலவைச் சிறு விவசாயிகள் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது.

சர்க்கரை நோய் பட்டணத்தாருக்கு வருவது, பாடுபடுகிறவனை அது அண்டாது என்ற எண்ணம் கிராமங்களில் இன்னும் உள்ளது. 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகக் காட்டியது. வயிறு நிறைந்தும் உடலுக்குச் சத்து சேரவில்லை என்பதே இதன் பொருள்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஏர் பிடித்தும் ஏற்றம் இறைத்தும் உழைத்த காலத்தில் உண்ட சோறு வேலையிலேயே செலவாயிற்று. பின்னர் டிராக்டரும் பம்புசெட்டும் அறுவடை இயந்திரமும் வந்தன. உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. ஏழைக் குடும்பங்களின் பசியைப் போக்கிய நல்ல திட்டம் அது. ஆனால் களியும் கூழும் பயறும் இருந்த இடத்தையும் அரிசியே பிடித்துக் கொண்டதுதான் தொல்லை.

நோய் வந்த பின் பலரும் செய்வது கடும் பத்தியம். சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தியுடன் வயலுக்குப் போவார்கள். களை எடுக்கும்போதே கண் இருட்டும். பத்து நாளில் ஒரு திருவிழா வரும், பத்தியம் போய்விடும். "நம்மால் முடியாது" என்று அதோடு கைவிட்டு விடுவார்கள். இந்தக் கடுமை தேவையே இல்லை என்பதை விவசாயிகளுக்குப் பயிரைக் கொண்டே எளிதில் விளக்கலாம். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் பயிர் பச்சைப் பசேலென்று வளர்ந்து சாய்ந்துவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் வெளிறிவிடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றையும் அளவாகப் பிரித்து இட்டால்தான் கதிர் நிறையும். உடம்புக்கும் இதே முறைதான். அரிசியை விலக்க வேண்டாம். அதைக் கொஞ்சம் குறைத்து, மற்றவற்றைச் சேர்த்தால் போதும்.

முதலாவதாக, மூன்று வேளையில் ஒரு வேளையைக் கேழ்வரகு, கம்பு, சாமை ஆகியவற்றுக்கு விடலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. ஆனால் கேழ்வரகு சர்க்கரை நோய்க்கு மருந்து என்று எண்ணி, பெரிய உருண்டைகளாகக் களியை விழுங்கினாலும் சர்க்கரை ஏறும். அளவான களியும், அதனுடன் நிறையக் கீரையோ பயறோ இருப்பதே சரி.

இரண்டாவதாக, நாள்தோறும் ஒரு பயறு. கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை, துவரை எதுவானாலும் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. அரிசியில் 8 கிராம் கூடத் தேறாது. கொள்ளு மாட்டுத் தீவனம் மட்டுமே என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவதாக, கீரை. முருங்கைக்கும் பப்பாளிக்கும் பாத்திரம் கழுவிய நீரே போதும். அரைக்கீரையை ஒரு சிறு பாத்தியில் விதைத்தால் திரும்பத் திரும்பக் கிள்ளலாம். நறுக்கிய பின் அலசினால் சத்து நீரோடு போய்விடும். அலசிய பிறகே நறுக்க வேண்டும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

நான்காவதாக, பரிமாறும் முறை. எல்லோரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் வைத்து வீட்டுப் பெண்கள் பசியாறுகிறார்கள். நடவும் களையெடுப்பும் அவர்கள் கையில்தான் நடக்கின்றன. பருப்பிலும் முட்டையிலும் அவர்கள் பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

"ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறது, கேழ்வரகை விற்றால் காசு" என்று சொல்வது நியாயமே. சிறு விவசாயிக்குக் கடனும் வட்டியும் உண்டு. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் நபருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் கேழ்வரகு என்றால் மாதம் 12 கிலோ. ஆண்டுக்கு 100 கிலோ மூடையில் ஒன்றரை மூடை. நன்றாக விளைந்த கால் ஏக்கரில் அதற்கு மேலேயே கிடைக்கும். பயறு நபருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்றால் மாதம் 6 கிலோ. வரப்பில் உளுந்தும், வேலியில் அவரையும், மானாவாரியில் ஊடுபயிராகத் துவரையும் போட்டால் அதில் பெரும் பகுதி கிடைத்துவிடும். விலை குறைந்திருக்கும் அறுவடைக் காலத்தில் விற்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து அதே பயறைக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்குவதை விட இது லாபமே.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 2023ஆம் ஆண்டில் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது. உள்ளூர் விவசாயியிடம் கொள்முதல் செய்து உள்ளூர் அடுப்புக்கே தரும் இம்முறை எல்லா மாவட்டங்களுக்கும் தேவை.

ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் ஒரு வேளையையும் பட்டினி கிடக்கக் கூடாது. உணவை மாற்றுமுன் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கலந்து கொள்வது அவசியம். உணவு மாறியதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

எவ்வளவு நெருக்கடியிலும் விதைக்கென்று ஒரு பங்கை எடுத்து வைக்காமல் எந்த விவசாயியும் களத்தை விட்டு வருவதில்லை. விதை நன்றாக இருந்தால்தான் அடுத்த வெள்ளாமை. விதைக்கிறவர் உடம்பு நன்றாக இருக்க வேண்டியதும் அதற்காகவே. இந்தப் பட்ட அறுவடையிலிருந்து விதை மூடையின் பக்கத்தில் வீட்டு மூடை ஒன்றும் இருக்கட்டும். வியாபாரியின் தராசு அதற்குப் பிறகு வரலாம்.