சந்துக்குள் ஒரு மதுக்கடை

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

மதுக்கடையைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதா என்று பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடிப்பவன் அல்லன்; குடியை ஆதரிப்பவனும் அல்லன். சம்பள நாள் மாலை வந்துவிட்டால் எங்கள் தெருப் பெண்கள் வாசலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தெருவிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எத்தில் ஆல்கஹால் ஆய்வுக்கூடக் குடுவையோடு நின்றால் போதும் என்பதே என் கட்சி. ஆயினும் லண்டனில் உள்ள ஒரு சிறு மதுக்கடை நிலைத்திருக்க வேண்டும் என்று வாதாடத் துணிந்தேன். லண்டனை நான் கண்டதில்லை. நூலகம் காட்டிய லண்டன்தான் எனக்குத் தெரியும்.

‘சிட்டி’ என்று அழைக்கப்படும் லண்டனின் பழைய நகரம் ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புடையது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே குடியிருப்போர் சுமார் 8,600 பேர்; வேலை பார்ப்போரோ ஆறு லட்சத்துக்கும் மேல்! 1694-இல் தோன்றிய இங்கிலாந்து வங்கியும், 278 மீட்டர் உயரமுள்ள 22 பிஷப்ஸ்கேட் கட்டடமும் நிற்கும் பணக் கோட்டை அது. அங்கே கார்ன்ஹில் தெருவிலிருந்து பிரியும் செயின்ட் மைக்கேல் சந்தில் இருக்கிறது, செங்கல் நிறக் கல்லால் கட்டிய ‘ஜமைக்கா ஒயின் ஹவுஸ்’.

இப்போதுள்ள கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டினது. ஆனால் அந்த மனையின் கதை 1652-இல் தொடங்குகிறது. லண்டனின் முதல் காப்பிக்கடை திறந்த இடம் அதுதான். திறந்தவர் யார்? பிரபுவா, வங்கி முதலாளியா? இல்லை. ஸ்மிர்னாவிலிருந்து ஒரு வணிகர் அழைத்துவந்த வேலைக்காரர், பாஸ்குவா ரோசே! எசமானுக்குக் காப்பி காய்ச்சிக் கொடுத்த கை ஊருக்கே காய்ச்சிக் கொடுத்தது. 1666-இல் பெருந்தீ அந்தப் பகுதியை விழுங்கியது. பிறகும் அங்கே கடை எழுந்தது.

காப்பிக்கடைகளை அக்காலத்தார் ‘பென்னிப் பல்கலைக்கழகம்’ என்றார்கள். ஒரு பென்னி கொடுத்தவன் உட்காரலாம், செய்தித்தாள் படிக்கலாம், பெரிய மனிதரோடு விவாதிக்கலாம். (பெண்களுக்கு மட்டும் அங்கே இடமில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருங்குறை அது.) இந்தப் பேச்சுக்கு அஞ்சிய இரண்டாம் சார்லஸ் மன்னர் 1675 டிசம்பரில் காப்பிக்கடைகளை மூட ஆணையிட்டார், எழுந்த எதிர்ப்பைக் கண்டு மறுமாதமே ஆணையைத் திரும்பப் பெற்றார். லாயிட்ஸ் காப்புறுதிச் சந்தை எட்வர்ட் லாயிடின் காப்பிக்கடையிலும், லண்டன் பங்குச் சந்தை ஜொனாதன் காப்பிக்கடையிலும் முளைத்தவை. ஆக, வானளாவும் மாளிகைகளுக்குச் சிறுகடைகள் தாய்வீடு. அந்தத் தாய்வீட்டைத்தான் இன்று ‘நிலத்தின் விலைக்கு ஈடுகட்டுமா?’ என்று கேட்கிறார்கள்.

சட்டம் காக்கவில்லையா என்று கேட்கலாம். ஜமைக்கா ஒயின் ஹவுஸ் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருக்கிறது. அருகே பால் கோர்ட் சந்தில் 1757-இல் தோன்றிய சிம்ப்சன்ஸ் உணவு விடுதியின் கட்டடமும் அப்படியே. என்ன பயன்? பெருந்தொற்றுக் காலத்து வாடகைத் தகராற்றில், 2022-இல், அதன் கதவுப் பூட்டு மாற்றப்பட்டது. சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்கச் சொல்லும் சட்டம், உள்ளே அடுப்பு எரிகிறதா என்று கேட்பதில்லை. பரிமாறியவரும் பல்லாண்டாய் வந்துபோனவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

கட்டடம் இருந்தால் போதாதா, கடை எங்கே நடந்தால் என்ன என்று நண்பன் ஒருவன் கேட்டான். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே என் தாயார் இட்லி விற்ற இடத்தில் வணிக வளாகம் எழுந்தது. அம்மா இரண்டு தெரு தள்ளிக் கடை போட்டார். மாவு அதே மாவு, சட்னி அதே சட்னி. ஆனால் விடியற்காலையில் ஓட்டுநரும், காய்கறிக் கூடைக்காரியும், பள்ளி ஆசிரியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது போயிற்று. அந்தப் பெஞ்சுக்கு எந்த அலுவலகமும் இழப்பீடு கணக்கிடவில்லை. ஆகவே, இத்தகைய இடங்களில் கட்டடத்தோடு தொழிலையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். வாடகைத் தகராறு வந்தால் பூட்டுக்கு முன் நடுவர் வரவேண்டும் என்பேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழமை என்பதாலேயே கைகூப்ப நான் ஆயத்தமில்லை. அதே நகரின் லெடன்ஹால் தெருவில்தான் நம் சென்னையையும் ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது. ஆங்கில வகுப்பில் நாம் அறிந்த சார்லஸ் லாம் கணக்கு எழுதிய இடமும் அதுவே. 1860-களின் தொடக்கத்தில் அதை இடித்தார்கள். அந்த மனையில் 1986 முதல் லாயிட்ஸ் கட்டடம் நிற்கிறது. அது போனதற்கு என் கண்ணில் நீர் வராது!

‘ஜமைக்கா’ என்ற பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது? அத்தீவோடு வணிகம் செய்தோர் அங்கே கூடியதால் வந்தது. அந்த வணிகத்தின் சர்க்கரை ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கினார்கள். அது உடைமையாளர்களுக்கு, அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. இன்று அந்தச் சந்தில் முதல் காப்பிக்கடையையும் 1652-ஆம் ஆண்டையும் கூறும் நினைவுக்கல் பதித்திருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்தில் வெட்டியவர்களைச் சொல்லும் கல் ஒன்றையும் அதன் பக்கத்தில் பதிக்கட்டும். கடையும் நடக்கட்டும், குடிக்க வருபவர் இரண்டையும் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.